வீட்டுப் பசுமை: தொட்டிப் பனையில் மஞ்சள் இலை



இம்மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் மூன்று ஒரே செடியைப் பற்றியவையாக அமைந்துவிட்டன. ஒன்று தாராவியிலிருந்து, ஒன்று செம்பூரிலிருந்து, மற்றொன்று மாட்டுங்காவிலிருந்து. மூன்று இல்லங்களிலும் நிற்பது 'அரிகா பாம்' என்று நர்சரிக்காரர்கள் சொல்லி விற்கும் தொட்டிப் பனைதான். மூன்றிலும் இலையின் நிறம் கெட்டுவிட்டது. ஆயினும் மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. ஆகவே செய்ய வேண்டிய வைத்தியமும் வெவ்வேறு. ஒருவருக்குச் சொன்ன மருந்தை மற்றவர் கையாண்டால் செடி பிழைக்காது. எனவே மூவருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டியவற்றை முதலில் சொல்லிவிட்டு, பின்னர் தனித்தனியே விடை கூறுகிறேன்.

இந்தச் செடியின் பெயர் நம்முடையது, பிறப்புத்தான் வேறு. வெற்றிலையோடு சேரும் பாக்கை நம் முன்னோர் 'அடைக்காய்' என்றனர். மலையாளத்தார் 'அடைக்கா' என்பர். மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் வாயில் அது 'அரிகா' ஆயிற்று. ஆனால் நம் கூடத்தில் நிற்கும் இப்பனை கமுகு அன்று. இதில் பாக்கு காய்க்காது. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கேயுள்ள மடகாஸ்கர் தீவின் கீழைக் காடுகளே இதன் தாயகம். ஊர் விட்டு ஊர் வந்து, பிறர் இட்ட பெயரோடு, சிறிய இடத்தில் வேரூன்றி வாழும் செடி இது. நம்மவர் இல்லங்களில் இதற்கு ஒரு மூலை கிடைத்திருப்பதில் வியப்பில்லை.

இதன் தாவரவியற் பெயரில் 'லூட்டெசென்ஸ்' என்றொரு சொல் உண்டு. 'மஞ்சள் நிறம் கொள்வது' என்பது அதன் பொருள். அதாவது, இச்செடியின் மட்டைக் காம்பும் தண்டும் இயல்பாகவே பொன்மஞ்சளாக இருக்கும். நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த செடியில் இது இன்னும் மிகுதி. காம்பு மஞ்சளாகி இலை பச்சையாக இருந்தால் அது நோயன்று, செடியின் குலவழக்கம். இதை அறியாமல் நல்ல செடிக்கு உரமும் மருந்தும் ஊற்றிக் கெடுத்தவர் பலர்.

இலை மஞ்சளானால்தான் நாம் கவனிக்க வேண்டும். இரயில்வேயில் பணிபுரியும் எனக்கு மஞ்சள் விளக்கின் பொருள் நன்கு தெரியும். மஞ்சள் கைகாட்டியைக் கண்ட டிரைவர் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவதில்லை. அடுத்த கைகாட்டியில் நிற்க ஆயத்தமாகி, வேகத்தைக் குறைத்துச் செல்கிறார். செடியின் மஞ்சளும் அத்தகையதே. அது முடிவன்று, எச்சரிக்கை. பதறிச் செடியைத் தூக்கி எறிவதும் தவறு. பாராமல் இருப்பதும் தவறு.

முதலில் பார்க்க வேண்டியது, மஞ்சளானது எந்த இலை என்பது. அடியிலுள்ள ஒன்றிரண்டு பழைய இலைகள் மட்டும் மெல்ல மஞ்சளாகிக் காய்ந்தால், அது மூப்பு, கவலை வேண்டியதில்லை. பழைய இலைகள் பலவும் ஒருங்கே மஞ்சளித்தால், மண்ணில் ஈரம் மிகுந்திருக்கலாம். அல்லது சத்துக் குறைவாக இருக்கலாம். நடுவிலுள்ள புதிய இலை வெளிறி வந்தால், வேருக்கு மூச்சில்லை அல்லது இரும்புச் சத்தைச் செடியால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று பொருள். இலையின் நுனி மட்டும் பழுப்பானால், உப்பு நீரையோ வறட்சியையோ ஐயுற வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில் பிசுபிசுப்பும் வெண்மையும் இருந்தால் பூச்சி. இந்த ஐந்தையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

இனித் தாராவி அம்மையாரின் கடிதத்துக்கு வருகிறேன். அவர் எழுதியிருப்பதாவது: வைகாசி மாதம் அவர் மகனுக்குத் திருமணம் நடந்தது. மகனுடன் வேலை செய்வோர் கூடி இச்செடியை அன்பளிப்பாகத் தந்தனர். மருமகள் நாள்தோறும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் தவறாமல் ஊற்றி வருகிறாள். ஆடியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஆவணியில் பாதி இலை போயிற்று. மண்ணைச் சுற்றிச் சிறு கருநிற ஈக்கள் பறக்கின்றன. 'மருமகள் அடியெடுத்து வைத்த வேளை சரியில்லை; மங்கலமாக வந்த செடியே பட்டுப்போகிறது' என்று அண்டை வீட்டார் பேசுகிறார்களாம். 'எனக்கும் மனம் சற்றுக் கலங்குகிறது. செடியை எடுத்து எறிந்துவிடலாமா?' என்று கேட்கிறார்.

அம்மையார் அவர்களே, செடி கெட்டதற்குக் காரணத்தைத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். வைகாசியில் ஒரு சொம்பு. ஆடியிலும் அதே ஒரு சொம்பு. வைகாசியில் மும்பை வெயில் அந்த ஒரு சொம்பு நீரை அன்றைக்கே உலர்த்திவிடும். ஜூன் மாதத்தின் நடுவில் மழை தொடங்கியபின், காற்றே ஈரமாகிவிடுகிறது. தமிழ் நாட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 900 மில்லி மீட்டருக்குச் சற்று மேல். மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் 2,000 மில்லி மீட்டருக்கு மேல் பெய்துவிடுகிறது. துவைத்த துணி மூன்று நாளானாலும் உலராத அந்நாட்களில் தொட்டி மண் எப்படி உலரும்? அதன்மேல் நாளும் ஒரு சொம்பு நீர் விழுந்தால், மண்ணிலுள்ள காற்று வெளியேறி, வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே தொட்டியில் நீர் தேங்கி நிற்கையிலேயே இலை மஞ்சளாகி வாடும். பறக்கும் சிறு ஈக்கள் ஓயாத ஈரமண்ணில் முட்டையிடுபவை. அவையும் இதற்குச் சாட்சி.

இது நமக்குப் புதிதன்று. தஞ்சைக் கடற்கரைப் பகுதியில் 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தென்னையில் ஒரு வாடல் நோய் கண்டது. இன்றும் அதற்குத் 'தஞ்சாவூர் வாடல்' என்றே பெயர். கீழ் ஓலைகள் மஞ்சளித்துத் தொங்கின. ஆனால் தீங்கு ஓலையில் இல்லை. மண்ணில் வாழும் ஒரு பூசணம் வேரைப் பற்றியிருந்தது. தங்கள் செடிக்கு வந்தது அந்நோய் அன்று; எனினும் பாடம் ஒன்றே. பனைக் குலத்தில் ஓலை பேசுவது வேரின் துன்பத்தை.

ஆகவே குற்றம் பருவத்தினுடையது, பெண்ணினுடையதன்று. சொன்னபடி நாள் தவறாமல் நீர் ஊற்றிய பெண், அக்கறை உள்ளவள் என்றே கொள்ள வேண்டும். கற்றுக்கொடுப்பார் இல்லாத குறை ஒன்றுதான். உறவையும் ஊரையும் விட்டு வந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் குடித்தனம் தொடங்கும் ஒரு பெண்ணின் தலையில், ஒரு தொட்டிச் செடியின் வேரழுகலைச் சுமத்துவது தகாது. அண்டை வீட்டாருக்குத் தாங்கள் சொல்ல வேண்டிய விடை இதுவே. அதை மருமகளின் செவியில் படும்படி சொன்னால் இன்னும் நன்று.

செடியை எறிய வேண்டாம். முதலில் நடுக்குருத்தைப் பாருங்கள். அது பச்சையாகவும் உறுதியாகவும் இருந்தால் செடி பிழைக்கும். மெல்ல இழுத்தவுடன் குருத்து கையோடு வந்து நாற்றம் வீசினால், அந்தத் தண்டு போயிற்று; தென்னைக்கு வரும் குருத்தழுகல் போன்றதே அது. பனைத் தண்டுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது போனால் பக்கத்தில் துளிர்க்காது. ஆனால் இச்செடி பல தண்டுகள் கூடிய புதர். ஒன்று போனாலும் ஏனையவற்றைக் காக்கலாம்.

பின்னர் தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். வெளுத்து உறுதியாக உள்ள வேர் நல்ல வேர். கறுத்துக் கூழாகி, உறை போலக் கழன்று வருவது அழுகிய வேர். அதைச் சுத்தமான கத்தரியால் வெட்டி எறியுங்கள். பிளாஸ்டிக் தொட்டியை மாற்றி மண்தொட்டி வாங்குங்கள். தங்கள் வீட்டுக்கு அண்மையில், தாராவியிலேயே உள்ள கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டி வனைகிறார்கள். சுட்ட மண் ஈரத்தை வெளியே விடும்; வேருக்குக் காற்றும் கொடுக்கும். அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய தொட்டியைவிடப் பெரியது வேண்டாம். பெரிய தொட்டியில் ஈரம் அதிக நாள் நிற்கும். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு கழுவிய தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு என்று கலந்து நடுங்கள். முன்பு எந்த அளவுக்குத் தண்டு மண்ணில் இருந்ததோ அதே அளவே இருக்கட்டும். ஆழப் புதைத்தால் மீண்டும் அழுகும்.

அதன்பின் நாள் கணக்கில் நீர் ஊற்ற வேண்டாம். விரலை மண்ணில் இரண்டு கணு அளவு நுழைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையே போதுமானதாக இருக்கலாம். கோடையில் ஒன்றுவிட்டு ஒரு நாள் தேவைப்படலாம். குழாயில் நீர் வரும் குறுகிய நேரத்தில் குடங்களை வரிசையில் வைத்து நிறைக்கும் இல்லங்களில் இது செடிக்கு மட்டுமா நன்மை? அரிசி களைந்த நீரும் பருப்புக் கழுவிய நீரும் செடிக்குப் போதும். உப்புச் சேர்ந்த நீர் மட்டும் கூடாது. ஆறு வார காலத்துக்கு உரம் எதுவும் இட வேண்டாம். காய்ச்சலில் கிடப்பவனுக்கு விருந்து வைப்பதில்லை அல்லவா?

இரண்டாவது, செம்பூர் நேயர். அவர் வீட்டுச் செடியின் இலை நுனிகள் யாவும் பழுப்பாகிக் கருகியிருக்கின்றன; பழைய இலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிகின்றன; தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. அவர் கட்டடத்தில் குடிநீர் தவிர மற்றெல்லாவற்றுக்கும் போர்வெல் நீரும் டாங்கர் நீரும் என்று எழுதியிருக்கிறார். விளிம்பில் படிந்தது உப்பு. கடல் சூழ்ந்த இந்நகரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. நுனி கருகுவதற்கு அதுவே காரணம்.

மாநகராட்சிக் குழாய்நீர் அத்தகையதன்று. 1860-இல் முடிந்த விஹார், 1879-இல் வந்த துளசி, 1892-இல் வந்த தான்சா, பின்னர் வந்த வைதரணா, பாத்சா ஆகிய ஏரிகளில் தேங்கும் மழைநீரே அது. அதினும் சிறந்தது வானிலிருந்து நேரே விழும் நீர். செப்டம்பர் கழிவதற்குள் ஒரு நாள் செடியை மாடியிலோ பால்கனியிலோ மழையில் வையுங்கள். துளை வழியே நீர் நன்றாக ஓடட்டும். மண்ணிலுள்ள உப்பு கரைந்து போகும். மழை கிட்டாவிடில், குழாய்நீரையே அரை மணி இடைவிட்டு மூன்று முறை ஊற்றி வடிய விடலாம். அதன்பின் போர்வெல் நீரைச் செடிக்குக் காட்ட வேண்டாம்.

ஆரஞ்சுப் புள்ளி சாம்பல்சத்துக் குறைவின் அடையாளம். சாம்பல்சத்து போதாதபோது, பனை தன் பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. பழைய ஓலை, நம் பிராவிடண்ட் பண்டு போல, செடியின் சேமிப்பு. பார்வைக்கு நன்றாயில்லை என்று அதை வெட்டிவிட்டால், செடி அடுத்த இலையிலிருந்து எடுக்கத் தொடங்கும். மஞ்சள் மேலே மேலே ஏறும். ஆகையால் பாதியேனும் பச்சையாக உள்ள இலையை வெட்டாதீர்கள். முற்றும் காய்ந்ததை மட்டும் அடியோடு வெட்டுங்கள். கருகிய நுனியைக் கத்தரிக்க விரும்பினால், பச்சையைத் தொடாமல் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்றை விட்டுக் கத்தரியுங்கள்.

பழைய இலையின் நடுப்பகுதி பச்சையாகவும் ஓரம் அகன்ற மஞ்சட்பட்டையாகவும் இருந்தால், அது மக்னீசியக் குறைவு. மருந்துக் கடையில் கிடைக்கும் பேதியுப்பை ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கரைத்து மாதம் ஒரு முறை ஊற்றலாம். இதை அளவோடு செய்ய வேண்டும். இதுவும் ஓர் உப்பே. அத்துடன் மண்புழு உரம் ஒரு கைப்பிடி, மார்ச் முதல் அக்டோபர் வரை இரண்டு மாதத்துக்கொரு முறை இட்டால் போதும். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்ட வேண்டாம். மண் காரத்தன்மை அடைந்து, இரும்புச்சத்து செடிக்கு எட்டாமற் போகும். பில்டரில் மிஞ்சும் காப்பித் தூளை ஈரத்தோடு அடை அடையாக இடுவதும் கூடாது; பூஞ்சை பிடிக்கும். ஒரு முறை மஞ்சளான இலை மீண்டும் பச்சையாகாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வைத்தியம் பலித்ததா என்பதை அடுத்து விரியும் குருத்தைக் கொண்டே அறிய வேண்டும். அதற்குச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது, மாட்டுங்கா நேயர். பால்கனியில் உள்ள செடியின் இலைகளுக்கு அடியில் வெள்ளை மாவு போன்ற வளையங்கள், மேலே பிசுபிசுப்பு, அதன்மேல் கரி பூசியது போன்ற கறுப்பு. கட்டடத்தை ஒட்டி இரண்டு தென்னைகள் நிற்கின்றன என்றும் எழுதியுள்ளார். இது சுருள் வெள்ளை ஈயின் வேலை. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2016-இல் நம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் காணப்பட்டது. பின்னர் மேற்குக் கரை நெடுகப் பரவியது. இலைச் சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும், அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து வெயிலை மறைக்கும், இலை மஞ்சளாகும்.

இதற்குக் கொடிய நஞ்சு தேவையில்லை. பூச்சி கொல்லும் நஞ்சு, இவ்வீயின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஈரத் துணியால் இலையின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். அல்லது வேகமாக நீர் பீய்ச்சுங்கள். பின்னர் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலக்கி, மாலை வேளையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் செய்ய வேண்டும். கறுப்பு நீங்க, ஒரு லிட்டர் நீரில் பத்துக் கிராம் மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறியபின் இலையில் தெளியுங்கள். கஞ்சி காய்ந்து உரியும்போது கரியும் உடன் உரிந்துவிடும். தென்னை விவசாயிகள் கையாளும் முறை இது. கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை இலையில் அடிக்காதீர்கள், இலை வெந்துவிடும்.

இனி, எல்லா இல்லங்களுக்கும் பொதுவான சில எச்சரிக்கைகள்.

தொட்டியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் நிற்க விடாதீர்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதன்று. இத்தகைய தெளிந்த நீரையே நாடுவது. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு முறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு செங்கல்லின்மேல் தொட்டியை வைத்தால் தட்டே தேவைப்படாது. மஞ்சள் இலையைவிட இது பெரிய விஷயம். குழந்தைகள் உள்ள வீடுகளில் மறக்கவே கூடாது.

'இச்செடி வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும்' என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் மூடிய சிறு பெட்டிகளில் செய்த சோதனையிலிருந்து பிறந்த பேச்சு அது. 2019-இல் வேறு அமெரிக்க ஆராய்ச்சியாளர் அத்தகைய சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, சாதாரண வீட்டுக் காற்றோட்டம் செய்வதைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று கண்டனர். பத்தடிக்குப் பத்தடி அறையில் நாம் நிற்க இடம் ஏது? இழுப்பு நோய் உள்ளவர்களுக்குச் செடி மருந்தாகாது. டாக்டரிடம் காட்டுவதே வழி.

'சேகோ பாம்' என்று விற்கப்படும் சைகஸ் செடி பனைக் குலத்தைச் சேர்ந்ததே அன்று. அதன் விதையும் இலையும் நஞ்சு. தவழும் குழந்தையோ நாய் பூனையோ உள்ள இல்லத்தில் அது வேண்டாம். அரிகா பாமில் அத்தகைய நஞ்சு இல்லை.

'நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட' என்று இடைவெளிக்கு அளவு சொன்னார்கள் நம் பெரியோர். நம் அறைகளில் தேரும் ஓடாது, வண்டியும் ஓடாது. ஆயினும் சன்னலிலிருந்து மூன்றடிக்குள் வைத்தால் இப்பனைக்குப் போதும். கிழக்குச் சன்னல் சிறந்தது. நண்பகல் வெயில் நேரே படக்கூடாது. வெளிச்சமே புகாத அறையானால், இருளைச் சற்றுத் தாங்கும் 'ராபிஸ்' என்னும் குட்டைப் பனையையோ மணி பிளான்டையோ வளர்ப்பது அறிவுடைமை. வாங்குமுன் முழு வளர்ச்சி பெற்ற பனைகளைக் காண விரும்புவோர் பைகுல்லாவில் 1862-இல் திறக்கப்பட்ட இராணி பாகுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சென்று வரலாம்.

வரும் மாதங்களுக்குரிய குறிப்பு: அக்டோபரில் வெயில் திடீரென்று ஏறும், மழைக்காலம் முழுதும் நிழலில் இருந்த செடியை அப்போது சன்னலோரம் தள்ளாதீர்கள், இலை வெந்து வெளுக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வறண்டிருக்கும்; இலையில் ஊசிமுனை போன்ற மஞ்சட் புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது செஞ்சிலந்தி; வாரம் இருமுறை ஈரத் துணியால் இருபுறமும் துடைத்தாலே அடங்கும். தொட்டி மாற்ற விரும்புவோர் அடுத்த ஜூன் வரை பொறுத்திருங்கள். வேர் அழுகிய செடிக்கு மட்டும் நாள் பார்க்க வேண்டாம், இன்றே செய்யுங்கள்.

அடுத்த இதழில், சன்னல் கம்பியில் கட்டிய பெட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பதைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன். அனுபவம் உள்ள தாய்மார்கள் தங்கள் முறைகளை ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினால், அவற்றையும் சேர்த்து வெளியிடலாம்.